பஃபர்டு மல்டிபிள்னு சொல்லி வெறும் கம்பியை வித்துட்டான்: 18,400 ரூபாய் போச்சு, யூரோராக் வாங்கறவங்க படிச்சுட்டு வாங்குங்க

யூரோராக்ங்கறது தனித்தனி மாட்யூலா வாங்கி, பேட்ச் கேபிளால இணைக்கற மாடுலர் சிந்தசைசர். அதுக்காக வாங்கின பஃபர்டு மல்டிபிளை இன்னைக்கு மத்தியானம்தான் பிரிச்சுப் பார்த்தேன். கோபம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன். ஆன்லைன்ல இந்த மாதிரி யுட்டிலிட்டி (உதவி) மாட்யூல் தேடிட்டிருக்கற வேற யாரும் 18,400 ரூபாயை இப்படிப் பறிகொடுக்கக் கூடாது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவுல. மூணு விசிஓ (கொடுக்கற வோல்ட்டேஜுக்குத் தகுந்த சுரத்தைப் போடற ஆசிலேட்டர்) வச்சு ச, ப, மேல் ச மூணையும் சுருதியா ஓட்டி, அதுக்கு மேல பாடறவங்களைப் பாட வைக்கறேன். ஒருத்தர் ஒரு கட்டையில பாடுவார், அடுத்து வர்ற அம்மா அஞ்சு கட்டை கேப்பாங்க. ஒவ்வொரு விசிஓவா கையால திருகிட்டிருந்தா கச்சேரி அங்கயே நின்னுடும். மாடுலர்ல சுருதி எல்லாமே வோல்ட்டேஜ்தான். சிந்தசைசர் செஞ்ச ராபர்ட் மூக் 1960கள்ல வகுத்த கணக்கு: ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். அப்ப அரை சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். ஒரு கட்டையிலிருந்து அஞ்சு கட்டைக்கு ஏழு அரை சுரம், அதாவது 583 மில்லிவோல்ட். இந்த 583-ஐ கீபோர்டு அனுப்பற வோல்ட்டேஜோட பிசகாமக் கூட்டறதுக்கு ப்ரிசிஷன் ஆடர் வேணும். கூட்டினதை மூணு விசிஓவுக்கும் குறையாமப் பிரிச்சுக் கொடுக்க பஃபர்டு மல்டிபிள் வேணும். ரெண்டும் பார்க்க ஒண்ணுமில்லாத சாமான், தானா ஒரு சத்தமும் போடாது. ஆனா இது ரெண்டும் ஒழுங்கா இல்லைன்னா எவ்வளவு விலை கொடுத்து விசிஓ வாங்கினாலும் சுருதி சேராது.

இசைச் சாமான் விக்கற ஒரு ஆன்லைன் தளம். அதுல கோயம்புத்தூர் முகவரி போட்ட ஒரு கடை. பேரைச் சொல்லப் போறதில்ல. பஃபர்டு மல்டிபிள் 6,400, ப்ரிசிஷன் ஆடர் 12,000. "கையால செஞ்சது, 0.1 சதவீத ரெசிஸ்டர்"னு எழுதியிருந்தான்.

பணம் போடறதுக்கு முன்னாடியே வீடியோ காலில் கூப்பிடச் சொன்னேன். உடனே வந்தான். நல்லா மரியாதையாப் பேசினான். "என்ன தம்பி வாசிக்கறீங்க?"ன்னு கேட்டான். சுருதி விஷயத்தைச் சொன்னேன். "அடடா, கல்பாத்தித் தேருக்கு நான் வருஷா வருஷம் வருவேன் தம்பி, என் மாமனார் வீடே பாலக்காடுதான்"னான். அந்த இடத்துலதான் மனசு இளகிடுச்சு. எல்லையில இருக்கற எங்களுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்காரன்னு ஒதுக்குவான், இந்தப் பக்கம் கேரளாக்காரன்னு ஒதுக்குவான். ஒருத்தர் "நம்மாளு"ன்னு பேசினா அது எவ்வளவு பெரிய விஷயம்னு எங்களுக்குத்தான் தெரியும். அதைத்தான் அவன் காசாக்கினான். அப்பறம் கேமராவை மாட்யூல் கிட்டக் கொண்டுபோய், ரிப்பன் கேபிளை மாட்டி, முகப்புல சிவப்பு எல்இடி எரியறதைக் காட்டினான். "பாருங்க தம்பி, பவர் ஏறுது. பேசிவ் மல்டிபிளா இருந்தா பவரே தேவையில்லையே?" பேசிவ்னா வெறும் கம்பி இணைப்பு, அதனால பேச்சு சரியான பேச்சுதான். 18,400 ரூபாய் அப்பவே அனுப்பிட்டேன்.

பார்சல் வந்து மாட்டினதும் கீழ் சுரம் கொஞ்சம் ஒத்துப்போச்சு, மேல போகப் போக இறங்குச்சு. மல்டிமீட்டர் எடுத்து அளந்தேன். கீபோர்டு தனியா 3.00 வோல்ட். மல்டிபிள் வழியா ஒரு விசிஓவை மாட்டினா 2.97. மூணையும் மாட்டினா 2.91. அரை சுரத்துக்கும் மேல காணாமப் போயிடுச்சு! கீபோர்டு வெளியீட்டுல ஆயிரம் ஓம், ஒவ்வொரு விசிஓ உள்ளீட்டுலயும் ஒரு லட்சம் ஓம். ஒரே குழாயை மூணு வீட்டுக்குத் திறந்துவிட்டா தண்ணி எறங்கற மாதிரி வோல்ட்டேஜ் எறங்கும். அதைத் தடுக்கத்தானே பஃபர்.

ஃபோன் போட்டேன். "விசிஓ சூடாகணும் தம்பி, அரை மணி நேரம் விடுங்க." அனலாக் விசிஓவுக்கு அது உண்மைதான், விட்டேன். மறுபடி கூப்பிட்டா "பேட்ச் கேபிள் மட்டமா இருக்கும்." மாத்தினேன். "உங்க விசிஓ கேலிப்ரேஷன் போயிருக்கும்." மல்டிமீட்டர் அளவைப் படம் எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரலை. "ஊர்ல இல்ல, திங்கக்கிழமை பேசறேன்"னு ஒரு குரல் பதிவு, அப்பறம் அதுவும் இல்ல. அதுக்குள்ள தளத்தோட ஏழு நாள் ரிட்டர்ன் கெடு முடிஞ்சுது. இழுத்தடிச்சதே அதுக்குத்தான்.

தளத்துக்காரங்க இன்னும் மோசம். முதல்ல "விற்பனையாளரிடம் பேசுங்கள்." பேசிட்டேன்னா "கெடு முடிந்துவிட்டது." கெடுவுக்குள்ளயே புகார் போட்ட மெயிலைக் காட்டினா "உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் வசதி இல்லை." கொண்டுவந்து கொடுக்க மட்டும் அதே பின்கோடுக்கு வழி தெரிஞ்சுதா?

இனி இழக்க என்ன இருக்குன்னு இன்னைக்குப் பிரிச்சேன். மல்டிபிளோட போர்டுல ஒரு ஐசி (சிப்) கூட இல்லைங்க. பஃபர் வேலையைச் செய்யற ஆப்-ஆம்ப் ஐசி இருக்க வேண்டிய இடம் வழவழன்னு காலி. நாலு ஜாக்கையும் ஒரே செம்புக் கம்பியால வரிசையா பத்த வச்சிருக்கான். பவர் கனெக்டர்லயிருந்து ரெண்டே தடம் போகுது: ஒரு ரெசிஸ்டர், அந்த எல்இடி. என்கிட்ட காட்டறதுக்காகவே எரியற எல்இடி! ஆடர்ல ஐசி இருக்கு, ஆனா ரெசிஸ்டர் எல்லாத்துலயும் கடைசிப் பட்டை தங்க நிறம், அதாவது மதிப்பு 5 சதவீதம் வரை பிசகலாம். 2.00 வோல்ட் கொடுத்தா 1.93 வருது. இதுக்குத்தான் 18,400 ரூபாய். தேர் சமயத்துல ஒத்துக்கிட்ட வீட்டுக் கச்சேரிக்கு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத்தான் தூக்கிட்டுப் போகணும்.

விவரமா ஒரு வாங்கும் கையேடு எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியலை. அவசரத்துக்கு இது மட்டும்:

எல்இடி எரியறதை நம்பாதீங்க. போர்டோட பின்பக்கத்தை வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க, ஐசி மேல இருக்கற நம்பர் படிக்கற மாதிரி இருக்கணும். காட்ட மாட்டேன்னா விட்டுடுங்க.

மூணு விசிஓவை மாட்டி மல்டிமீட்டர்ல அளந்து காட்டச் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் மாட்டினா வித்தியாசம் சரியாத் தெரியாது.

பார்சல் பிரிக்கறதை வீடியோ எடுங்க. ஃபோன்ல பேசினா போதாது, முதல் நாளே தளத்துல எழுத்துப்பூர்வமா புகார் போட்டுடுங்க.

கடை வேற மாநிலம்னு சொல்லி மிரட்டினா பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்து ஆணையத்துலயே வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். நான் பாலக்காட்டுல போடப் போறேன், பில், மெயில், போர்டோட படம் எல்லாம் எடுத்து வச்சாச்சு.

அந்த விளம்பரம் இப்பவும் ஓடிட்டிருக்கு, அதே சிவப்பு எல்இடி படத்தோட. கறுப்புப் பேனல், வெள்ளை எழுத்து, "0.1 சதவீதம்"னு கொட்டை எழுத்துல இருக்கும். பார்த்தா பணம் போடாதீங்க. ஏற்கெனவே வாங்கினவங்க இருந்தா இன்னைக்கே பின்னாடி திருப்பிப் பாருங்க, என்கூடச் சேர்ந்து புகார் கொடுங்க.