சதைத் துணுக்கா, எச்சில் துளியா?

தலை, கழுத்துப் புற்றுநோயை உறுதிசெய்ய இன்றும் பயாப்ஸிதான் வழி. கட்டியில் சிறு துணுக்கை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நம்பகமானது, ஆனால் எடுத்த இடத்தின் கதையை மட்டுமே சொல்லும்.

எக்சோசோம் சோதனைக்கு ரத்தமோ எச்சிலோ போதும். செல்கள் வெளியேற்றும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள நுண்பைகளே எக்சோசோம்கள். புற்றுச்செல்லின் பைக்குள் அதன் புரதங்களும், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏவும் இருக்கும். சிலவற்றின் மேலுள்ள பிடி-எல்1 புரதம், நம்மைக் காக்கவேண்டிய டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களையே அடக்கிவிடுகிறது. எச்சிலில் நனைந்தே கிடக்கும் வாய்ப்புற்றுக்கு இந்தச் சோதனை எவ்வளவு பொருத்தம்! சிகிச்சைக்கு நடுவே திரும்பத் திரும்ப எடுக்கலாம். ஆனால் நல்ல செல்களும் இதே பைகளை வெளியிடுவதால் பிரித்தறிவது கடினம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறையும் மாறுகிறது.

நோய் திரும்புகிறதா என்று கண்காணிப்பதில் எக்சோசோம்மீது எனக்குப் பெரும் நம்பிக்கை. ஆறாத வாய்ப்புண்ணுக்கோ, பயாப்ஸியைத் தள்ளிப்போடவே கூடாது.