காட்பாடியில் பெரியவர்களுக்கான வாய்ப்பாட்டு வகுப்பு: ஒரு மதிப்புரை

நடுத்தர வயதில் பாட்டுக் கற்க விரும்புபவர்களுக்கு வேலூரில் ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல வகுப்புகளில் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே கூச்சத்துடன் அமர்ந்து, வாய்க்குள்ளேயே பாடிவிட்டு, சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். காட்பாடி காந்திநகரில் ஒரு வீட்டு மாடியில் வார இறுதி மாலைகளில் நடக்கும் இந்தக் கர்நாடக இசை வகுப்பு பெரியவர்களுக்கு மட்டுமானது. பெயர்ப்பலகை கிடையாது, டீச்சர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் நானும் பெயரைக் குறிப்பிடவில்லை.

“எனக்குக் குரல்வளம் இல்லை, தப்பா எடுத்துக்காதீங்க” என்ற முன்னுரையோடு பாடத் தொடங்குபவரை டீச்சர் அங்கேயே நிறுத்திவிடுகிறார். பாடி முடித்த பிறகு பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. “பஞ்சமம் கொஞ்சம் இறங்கியிருக்கு சார், சுருதியைக் கேட்டுட்டு மறுபடி பிடிங்க” என்பதோடு சரி. ஸ்வரம் எங்கே நிற்கிறது என்ற செய்தி மட்டுமே கிடைப்பதால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது பாடுபவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. கூச்சத்தில் குரலை அடக்கும்போது மூச்சு குறைந்து, தொண்டை இறுகி, சுருதியும் கீழே சரிகிறது என்பதை அவர் ஒவ்வொருவரிடமும் பாடிக் காட்டச் செய்தே புரியவைக்கிறார்.

முதல் வகுப்பு முழுவதும் அவரவர் கட்டையை, அதாவது குரலுக்கு ஏற்ற சுருதி அளவை, கண்டறிவதிலேயே செலவாகிறது. ஆண்கள் பொதுவாக ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது வழக்கமென்றாலும், எல்லோரையும் அந்த அளவில் அவர் அடைப்பதில்லை. சினிமாப் பாட்டை அந்தப் பாடகரின் சுருதியிலேயே பாட முயன்று, மேல்ஸ்தாயியில் வரும் உயர்ந்த ஸ்வரங்கள் எட்டாமல், தமக்குப் பாட்டே வராது என்று ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தவர்கள் இந்த ஒரு வகுப்பிலேயே நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்தேன்.

பாடம் வழக்கம்போல மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கநிலை ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசைதான். இந்த ராகத்தில் ரிஷபம் (ரி) ஷட்ஜத்தையும் (ஸ) தைவதம் (த) பஞ்சமத்தையும் (ப) ஒட்டி நிற்பதால், தொடக்கநிலையில் அவை சற்று மேலேறிவிடுவது எவருக்கும் நேர்வது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால், தவறு நேரும்போது அதைத் தன் குறையாக எண்ணி யாரும் குன்றிப்போவதில்லை.

கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அன்றே கேட்கக் கூடாது என்பது விதி. நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டை எலும்புகளின் வழியாகவும் உட்செவியை அடைவதால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லாததால் அது யாரோ ஒருவருடைய மெலிந்த குரலாகத் தோன்றுகிறது. அந்த முதல் அதிர்ச்சியில் பாட்டையே விட்டவர்கள் உண்டு. சில நாள் கழித்துக் கேட்டால் காது குரலை விட்டு ஸ்வரத்தைக் கவனிக்கத் தொடங்குகிறது.

மாத இறுதியில் திருப்புகழைக் கூட்டாகப் பாடுகிறார்கள். திருப்புகழைப் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்த வள்ளிமலையும், கிருபானந்த வாரியார் பிறந்த காங்கேயநல்லூரும் பக்கத்தில் இருக்கும்போது, இது இந்த ஊருக்கு மிகப் பொருத்தமான பாடம். சந்தம் தன் வேகத்தில் இழுத்துச் செல்வதால் தன் குரலைத் தானே ஒட்டுக்கேட்க நேரம் இருப்பதில்லை. தனியே பாட மறுத்த ஓர் அம்மா இங்கேதான் முதன்முதலில் வாய்விட்டுப் பாடினார்.

குறைகளும் இருக்கின்றன. தாளத்தில் டீச்சர் காட்டும் தாராளம் எனக்கு உடன்பாடில்லை. வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் தாளம் போடும் கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகும்போது கூட “பிறகு சரியாகிடும்” என்று விட்டுவிடுகிறார். சுருதிக்குச் சொல்வது போலவே இதையும் தீர்ப்பின்றி அப்போதே சொல்லலாம். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். குழந்தைகள் வகுப்பைவிடச் சற்றுக் கூடுதல். தகரக் கூரை என்பதால் சித்திரை, வைகாசியில் மின்விசிறிக் காற்றே அனலாக வீசுகிறது. வேலூர் வெயிலை அறிந்தவர்கள் ஆடிக்குப் பிறகு சேர்வது நல்லது. மேடையேற்றமும் தேர்வுச் சான்றிதழும் வேண்டுபவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. கீழே இருசக்கர வண்டி மட்டுமே நிறுத்த முடியும்.