தொடுகுறி ஓடா, கைபேசிச் செயலியா?

பார்வையற்றவர்கள் தனியாக நடக்க, நகரம் எதில் முதலில் பணம் போடலாம்?

காலிலும் கைத்தடியிலும் தட்டுப்படும் மேடான கோடுகளோ புள்ளிகளோ கொண்ட நடைபாதைத் தொடுகுறி ஓடுகளை உருவாக்கியவர் ஜப்பானின் செய்ச்சி மியாகே. 1967-ல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடுகள் என்றால் அப்படியே போகலாம். புள்ளிகள் என்றால் நிற்க வேண்டும், முன்னால் சாலையோ படியோ இருக்கிறது. சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம். வண்டிச் சத்தத்தைக் கவனிக்கக் காதும் மிச்சமிருக்கும். ஆனால் மேலே ஒரு பைக்கை நிறுத்திவிட்டால் போச்சு. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்த மேடு கொஞ்சம் குலுங்கும்.

சரி, செயலி? தெருப் பெயர், பஸ் நிறுத்தம், திரும்ப வேண்டிய இடம் என்று ஓடு சொல்லாததை எல்லாம் சொல்லும். சிக்கல் துல்லியத்தில்தான். திறந்த வெளியிலேயே கைபேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை பிசகும்; உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். நடைபாதையில் இருப்பவரை நடுரோட்டில் இருப்பதாகக் காட்ட அந்த 5 மீட்டர் போதும்.

அதனால் முதல் பணம் ஓடுகளுக்குத்தான். செயலி அப்புறம் துணைக்கு வரட்டும். ஒரே நிபந்தனை: பதிக்கும் செலவோடு, உடைந்ததை மாற்றவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஆண்டுதோறும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும்.