நம்பி ஏமாறுவதா, நம்பாமல் இழப்பதா?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவத்துக்கு அம்பை 16 நெல் நடும் ஒருவரிடம், அதைவிடக் கூடுதலாக விளையும் என்று ஒரு புதிய விதை வருவதாகக் கொள்வோம். புதியது கூடுதலாக விளையாது என்பதே இங்கு இன்மைக் கருதுகோள், அதாவது சான்று கிடைக்கும்வரை விடாமல் வைத்திருக்கும் தொடக்க அனுமானம். அதை மறுக்கச் சோதனை வயல்களின் விளைச்சல் போதுமா என்பதே கேள்வி.

மேன்மை இல்லாத விதையை மேலானதென்று ஏற்பது முதல் வகைப் பிழை. இந்தப் பிழைக்கு நாம் இடம்தரும் வரம்பான மிகைகாண் நிலையை 5 சதவீதமாக வைத்தால், இரு விதைகளும் உண்மையில் சமமாக இருக்கும் 100 சோதனைகளில் சராசரியாக 5 நம்மை ஏமாற்றும். நாம் எடுத்த முடிவு தவறாக இருக்கும் வாய்ப்பே 5 சதவீதம் என்று இதைப் படிப்பது, பாடம் நடத்துவோரிடமும் காணப்படும் குழப்பம்.

உண்மையிலேயே மேலான விதையைக் கைவிடுவது இரண்டாம் வகைப் பிழை. இதன் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாததால், இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். புள்ளியியலாளர்கள் நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் காட்டியபடி இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்: வயல்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் 5-ஐ 1 சதவீதமாக இறுக்கினால், முதல் பிழை குறைந்து இரண்டாவது பெருகும். விதையை மட்டும் பொறுத்தவரை, ஏமாந்தவர் அடுத்த கார் பருவத்திலேயே பழைய நெல்லுக்குத் திரும்பிவிடலாம்; நல்ல விதையைக் கைவிட்டவருக்கோ தாம் இழந்ததே தெரியாது.