மூன்று மணி நேர ஸ்கிரீன் ரெக்கார்டிங்: காப்பியா, கிராஃபிக்ஸ் சிப்பா, எக்ஸ்264-ஆ?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் தமிழில் டேலி கணக்கு மென்பொருள் வகுப்பு நடக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் பதிவைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். திங்கள் காலைக்குள் அது அவர்கள் கைக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் வரும் "குரல் கேக்குதா"வையும் டீ இடைவேளையையும் வெட்டினால் வேலை முடிந்தது. அதற்கே லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் மூன்று மணி நேரம் என்றால் 3,24,000 ஃபிரேம். எடிட்டரில் எக்ஸ்போர்ட் கொடுத்தால், வழக்கமாக அத்தனையையும் பிரித்துப் புதிதாக என்கோடு செய்யும், அதாவது மறுபடி சுருக்கி எழுதும். வெட்டியது பத்தே நிமிடம் என்றாலும் அப்படித்தான்.

அதனால் வெறும் வெட்டு வேலைக்கு என் தேர்வு காப்பி முறைதான். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் வேண்டாத பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே நகலெடுக்கும். விநாடிக்கு 2.5 மெகாபிட் பதிவு என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 3.4 ஜிபி. எஸ்எஸ்டி இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது, தரமும் இம்மி குறையாது.

ஒரு சிக்கல் உண்டு. வெட்டு கீஃபிரேமில், அதாவது மற்றதைச் சாராமல் முழுப் படமாகப் பதிவான ஃபிரேமில்தான் தொடங்க முடியும். எக்ஸ்264 என்ற என்கோடர் மென்பொருளின் இயல்பு அமைப்பில் கீஃபிரேம்களுக்கு நடுவே 250 ஃபிரேம் வரை இடைவெளி வரலாம், அதாவது எட்டு விநாடிக்கும் மேல். திரை அசையாமல் கிடக்கும் நம் பதிவுகளில் பெரும்பாலும் அந்த எல்லை வரை போகும். இதற்கு மருந்து பதியும் இடத்திலேயே இருக்கிறது: திரையைப் பதியும் ஓபிஎஸ் மென்பொருளின் அமைப்பில் கீஃபிரேம் இடைவெளியை 2 விநாடி ஆக்கிவிடுங்கள். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும். பதிவுக் கோப்பு எம்கேவி வடிவிலேயே இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 திறக்காமலே போய்விடும், எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்தால், அதாவது என்கோடு செய்யாமல் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றினால், எம்பி4 தயார். இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியை நாட வேண்டாம், அது வீடியோவை எப்போதும் மறுபடி என்கோடு செய்யும்.

திரையின் ஒரு மூலையைப் பெரிதாக்க வேண்டும், அம்புக்குறி போட வேண்டும் என்றால் காப்பி உதவாது. அப்போது என்கோடு வேலைக்குக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் போகலாம். இதற்கான வசதியாக இன்டெலின் குயிக் சிங்க் 2011 முதலும் என்விடியாவின் என்வென்க் 2012 முதலும் இருப்பதால், எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடையில் வாங்கிய பழைய கணினியிலும் இது கிடைக்க வாய்ப்பு அதிகம். டெஸ்க்டாப் வாங்கும்போது இன்டெல் சிப்பின் பெயர் 'எஃப்' என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அதில் உள் கிராஃபிக்ஸே கிடையாது, குயிக் சிங்க்கும் இல்லை. இந்த முறையில் வேகம் பிரமாதம். ஆனால் குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்கு ஒதுக்கும் டேட்டா அளவில்), முக்கியமாகப் பழைய சிப்களில், சிறு எழுத்தின் ஓரம் கலங்கும். லெட்ஜரில் 3 எது, 8 எது என்று மாணவர் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்படி ஆனால் அந்தப் பாடமே வீண். பிட்ரேட்டைத் தாராளமாகக் கூட்டுங்கள்.

சிபியுவில் ஓடும் எக்ஸ்264 மெதுவானது. யூடியூபில் ஏற்றுவதற்காக இதில் மணிக்கணக்கில் காத்திருப்பதில் பொருளில்லை, அங்கே எப்படியும் மறுபடி என்கோடு செய்வார்கள். மொபைல் டேட்டாவில் கோப்பை இறக்கிப் பார்ப்பவர்களுக்காக மட்டும் நான் இதை வைத்திருக்கிறேன், ஏனென்றால் சிறிய கோப்பிலும் எழுத்தைத் தெளிவாகக் காப்பது இதுதான். 30 ஃபிரேமை 15 ஆக்கினால் என்கோடு வேலை ஏறக்குறைய பாதியாகும். மவுஸ் கொஞ்சம் துள்ளும், படிப்பதற்குத் தடையில்லை.

போன வாரம் ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் நான்கு விநாடி திரையில் வந்துவிட்டது. மங்கலாக்குவதற்காக முழுப் பதிவையும் என்கோடு செய்யாமல், முன்னும் பின்னும் இருந்த கீஃபிரேம்களில் வெட்டி அந்தத் துண்டையே எடுத்துவிட்டேன்.