எட்டு ஆண்டு, 120,000 கிலோமீட்டர்: எங்கள் காரின் சத்தங்கள்

2017இல் வாங்கிய கார், 1.6 லிட்டர் ஜப்பானிய செடான். சிங்கப்பூரில் பொங்கோலிலிருந்து வேலைக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு, சனிக்கிழமை தேக்காவுக்கு, பள்ளி விடுமுறை விட்டால் கடற்பாலம் தாண்டி மலாக்காவுக்கு என்று எட்டு ஆண்டில் 120,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இழுவையிலும் பெட்ரோல் செலவிலும் குறை இல்லை. எங்களை அலைக்கழித்தது அவ்வப்போது கிளம்பிய சத்தங்கள்தான். அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு இரண்டு முறை பணம் கட்டினேன்.

நான்காம் ஆண்டு, நவம்பர் மழைக்காலம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீஈஈச்’ என்று பத்து விநாடி கத்தும், அப்புறம் அடங்கிவிடும். வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “பெல்ட் பழசாகிவிட்டது” என்று 95 வெள்ளிக்குப் புது பெல்ட் போட்டார்கள். மூன்று வாரம் அமைதியாக இருந்தது. நான்காம் வாரம் அதே கீச்சு, கூடவே ‘கரகர’ என்று அடித்தொண்டைச் சத்தம் ஒன்றும் சேர்ந்துகொண்டது.

அந்த வாரம் மாமா எங்களோடு தங்கியிருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் மாடியில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளை, தண்ணி எங்கேயோ ஒழுகுது. பாட்டிலைப் பாத்தீங்களா?” என்றார். கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் பாட்டிலில் மட்டம் ‘லோ’ கோட்டுக்குக் கீழே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கூலண்டை இஞ்சினுக்குள் ஓடவைக்கும் வாட்டர் பம்பின் அடியில், காய்ந்த பற்பசை மாதிரி இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு. எங்கள் கார் கூலண்டின் நிறமும் அதுதான்.

இம்முறை காக்கி புக்கிட்டில் நண்பர் சொன்ன மெக்கானிக்கிடம் போனேன். ஜோகூர்க்காரர், நம்மவர். சத்தத்தை நான் விவரிக்கத் தொடங்கியதும், “சத்தத்த நான் கேட்டுக்குறேன் அண்ணே, எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். இஞ்சின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா? ஏசி போட்டால் கூடுதா? நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வருதா, வண்டி ஓடினால்தான் வருதா? (ஓடினால்தான் வரும் என்றால் சக்கர பேரிங், டயர் பக்கம் பார்க்க வேண்டுமாம்.)

பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையை ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் தருவது) மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். அடுத்து பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் ஐட்லர் புல்லி, அடுத்து வாட்டர் பம்ப். எல்லாம் அந்த ஒரே பெல்ட்டில் சுழல்பவை. பம்பிடம் வந்ததும் என்னையும் கேட்கச் சொன்னார். அம்மியில் மணல் அரைபடுவது போல இருந்தது. சுழலும் பெல்ட்டுக்கு அருகே கை போகும் வேலை இது, பழகாதவர்கள் முயல வேண்டாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் இஞ்சினை ஓடவிட்டார். சத்தமே இல்லை. அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினார். மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு சுழன்றன. பம்ப் மட்டும் நறநறத்தது, கொஞ்சம் ஆடவும் செய்தது.

நடந்தது இதுதான். பம்புக்குள் கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால் கூலண்ட் கசிந்து, அடியிலுள்ள சிறு துளை வழியாக வெளியேறும். பேரிங்கில் நுழைந்தால் அங்குள்ள கிரீஸைக் கெடுத்துவிடும். கரகரப்பு அதனால்தான். பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கிக் கத்தும். ஸ்டார்ட் செய்ததும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் அதிக இழுவை கேட்பதால், கத்தல் காலையில் கூடுதல். புது பெல்ட்டும் மூன்றே வாரத்தில் நனைந்துவிட்டது. முதல் இடத்தில் பாட்டிலை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். பம்ப், கூலண்ட், மறுபடியும் ஒரு பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 310 வெள்ளி. அப்படியே விட்டிருந்தால் பம்ப் இறுகி பெல்ட் அறுந்திருக்கும். கடற்பால நெரிசலில், பின்னால் பிள்ளைகள் இருக்கும்போது இஞ்சின் கொதித்திருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரவே இல்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். ஆறாம் ஆண்டில் தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டியது போல ‘சலசல’. புகைக்குழாய் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் துருப்பிடித்திருந்தது. ஒரு கிளாம்ப், 20 வெள்ளி. 110,000 கிலோமீட்டரில், சிக்னலில் ‘டி’ (டிரைவ்) கியரில் பிரேக் பிடித்து நிற்கும்போது ‘உர்ர்’ என்று ஸ்டியரிங்வரை நடுங்கும், ‘என்’னுக்கு (நியூட்ரல்) மாற்றினால் குறையும். இஞ்சினைத் தாங்கி அதிர்வை அடக்கும் இஞ்சின் மவுண்ட் போயிருந்தது. அப்புறம் ஒருமுறை மேலிருந்து மெல்லிய ‘டிக் டிக்’. ஆயில் குச்சியைப் பார்த்தால் மட்டம் குறைவு. ஊற்றியதும் அடங்கியது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இஞ்சின்களில் இன்ஜெக்டரே இப்படி டிக்கடிக்கும், அது கோளாறு இல்லை.

நாங்கள் கேட்காத, யாரும் கேட்கக் கூடாத சத்தம் ஒன்று உண்டு. அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமாகும். கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் ஒர்க்‌ஷாப்வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள். விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் வந்து, பக்கத்து நிறுத்துமிடம்வரை கட்டணமில்லாமல் இழுத்துச் செல்லும்.

சத்தம் வந்தால் மகள் இப்போது கைப்பேசியில் பதிவு செய்துவிடுகிறாள். நேரம், ஏசி நிலை, கியர் மூன்றையும் பதிவிலேயே சொல்லிவிடுவாள். பலமாடி நிறுத்துமிடத்தில் சுவரோரம் கண்ணாடியை இறக்கி மெதுவாக ஓட்டினால், எதிரொலியில் தெருவில் கேட்காததும் கேட்கிறது. சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கப் பத்து ஆண்டுக்குத் தரும் உரிமைச் சான்றிதழ், 2027இல் முடிகிறது. புதுப்பிப்பதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. எனக்குப் புதுப்பிக்கத்தான் ஆசை. மாதம் ஒருமுறை, இஞ்சின் ஆறிய பிறகு, கூலண்ட் மட்டத்துக்கு நேராக மார்க்கரில் ஒரு கோடு போடுகிறேன். கடைசி ஏழு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன.