பொகோட்டாவில் வீடு தேடுகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்

சென்னை, கோவை, பெங்களூர் என்று எங்கிருந்தோ வேலை மாற்றலாகிக் கொலம்பியாவுக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொகோட்டாவில் வாடகை வீடு தருவதாகச் சொல்லி ஒரு ஆள் என்னிடமிருந்து 96 லட்சம் பேசோ வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். நம்மூர்ப் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய். எனக்குப் பிறகு வந்த இன்னொரு இந்தியக் குடும்பத்தையும் அவன் இதே வழியில் ஏமாற்றியிருக்கிறான் என்று போன வாரம் தெரிந்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதற்கு மேல் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நம்மைப் போன்றவர்களை இவர்கள் ஏன் குறிவைக்கிறார்கள் என்பது முதலில் புரிய வேண்டும். இங்கே வந்து இறங்கியதும் நம்மிடம் செதுலா இருக்காது. செதுலா என்பது அடையாள அட்டை; கொலம்பியர்களுக்கும் உண்டு, வெளிநாட்டவருக்குத் தனியாகவும் உண்டு. அது இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது பெரும்பாடு. இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி ஃபியாதோர், அதாவது ஜாமீன் நிற்கிறவர். பொகோட்டாவில் ஒழுங்கான வீட்டு ஏஜென்சிகள் பெரும்பாலும் ஜாமீன்காரர் கேட்கும். அதுவும் சொந்தமாக வீடோ நிலமோ உள்ளவராக இருக்க வேண்டும் என்பார்கள். அல்லது ஒரு காப்பீட்டு நிறுவனம் நம் வருமானத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நேற்று வந்து இறங்கியவருக்கு ஜாமீன் நிற்க யார் இருக்கிறார்கள்? ஏஜென்சிகளில் திரும்பத் திரும்ப 'இல்லை' என்று கேட்டுச் சோர்ந்து, ஹோட்டல் பில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், 'ஃபியாதோர் வேண்டாம், இரண்டு மாத டெபாசிட் போதும்' என்று நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அட்வான்ஸ் நமக்குப் பழகிப்போன சங்கதி. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது ஊரறிந்த வழக்கம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று சொன்ன பிறகும் பல வீட்டுக்காரர்கள் விடவில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வருகிறவருக்கு இரண்டு மாத டெபாசிட் என்றால் சந்தேகமே எழாது. 'பரவாயில்லையே, நல்ல மனுஷன்' என்றுதான் தோன்றும்.

கொலம்பியச் சட்டம் இதற்கு நேர் எதிர். 2003-ஆம் ஆண்டின் 820-ஆம் எண் சட்டம்தான் இங்கே நகர்ப்புறக் குடியிருப்பு வாடகைக்கு அடிப்படை. அதன் 16-ஆம் பிரிவு, வாடகைதாரரிடம் ரொக்க டெபாசிட் கேட்கவே கூடாது என்கிறது. நேரடியாகக் கேட்காமல் வேறு ஆள் மூலம் வாங்குவது, ஒப்பந்தத்தில் எழுதாமல் தனித் தாளில் எழுதி வாங்குவது, வேறு பெயர் சூட்டி வாங்குவது எல்லாவற்றையும் சேர்த்தே தடுக்கிறது. அதை மீறி டெபாசிட் கேட்கிறவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டவர் என்றால் கேட்டுப் பார்க்கிற உண்மையான வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்ட அந்த நிமிடத்திலேயே, 'சட்டப்படி இது கூடாதாமே' என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான வீட்டுக்காரர் வேறு வழி பேசுவார். மற்றவன் அவசரப்படுத்துவான்.

என் விஷயத்தில் நடந்தது இது. சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம். சாப்பினேரோ பகுதியில், மலைப் பக்கம் பார்த்த ஒரு படுக்கையறை வீடு, எல்லாச் சாமான்களோடும். மாத வாடகை 32 லட்சம் பேசோ. அந்தப் பகுதிக்கு அது சந்தேகப்படும்படி மலிவான தொகையும் இல்லை. விளம்பரம் போட்டவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஐம்பது வயதிருக்கும். வாசலில் வாட்ச்மேனுக்குக் கையைத் தூக்கி வணக்கம் சொன்னான். அவரும் கதவைத் திறந்துவிட்டார். மேலே போனதும் சமையலறையில் கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்து, குழாயைத் திறந்து என் மனைவியின் கையில் வெந்நீர் படும்வரை காத்திருந்தான். 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காலையில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், ஹீட்டர் நன்றாக இல்லாவிட்டால் கஷ்டம் என்றான். காலை வெயில் எந்த ஜன்னலில் விழும் என்பதுவரை சொன்னான். வீட்டை அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான்.

மூன்று தாள்கள் காட்டினான். அவனுடைய செதுலா நகல், அந்த முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீது, நோட்டரி முத்திரையோடு அவன் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம். எனக்கு இங்கே வங்கிக் கணக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும் சேவை மூலம் அவன் தங்கை பெயருக்கு அனுப்பச் சொன்னான். இரண்டு மாத டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் சேர்த்து அனுப்பினேன். அன்றைக்கே இங்கே ரொக்கமாக எடுத்துவிட்டார்கள். சாவியும் கொடுத்தான். அந்தச் சாவி கதவைத் திறக்கவும் செய்தது.

சனிக்கிழமை மதியம், வழக்கமான பொகோட்டா மழையில், ஒரு சின்ன வேனில் பெட்டிகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். வாட்ச்மேன் வேனை உள்ளே விடவில்லை. எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். மேஜையில் இருந்த நோட்டைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். 'உங்களுக்குத் த்ராஸ்தேயோ அனுமதி எதுவும் வரவில்லையே' என்றார். த்ராஸ்தேயோ என்றால் வீடு மாறுவது. இந்த ஊரின் அடுக்குமாடிகள் பலவற்றில் நிர்வாக அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் ஒரு கட்டில்கூட உள்ளே போகாது, வெளியே வராது. அதன் பிறகு கொஞ்சம் தயங்கி, 'சார், அது நாள் வாடகைக்கு விடுகிற வீடு. அவர் நேற்று ராத்திரியே காலி பண்ணிட்டுப் போயிட்டாரே. சாயங்காலம் வேறு விருந்தாளிகள் வர்றாங்க' என்றார்.

சில ராத்திரிகளுக்கு மட்டும் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, தன் வீடு என்று எங்களுக்குக் காட்டியிருக்கிறான். வாட்ச்மேன் அவனை விருந்தாளி என்று நினைத்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார். வீட்டின் உண்மையான சொந்தக்காரர் ஒரு அம்மா. போனில் பேசியபோது அவர் எங்களைவிட அதிகமாகப் பதறினார். அவன் எண் அணைந்திருந்தது. என் மனைவி அந்த மழையில் அரிசி மூட்டையின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேன்காரருக்கு இரண்டாம் முறை காசு கொடுத்து ஹோட்டலுக்கே திரும்பினோம். அன்றிரவு அலுவலகத்தில் எனக்கு முன்பே இங்கே வந்த மதுரைக்காரத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும். முழுவதையும் கேட்டுவிட்டு, 'அண்ணே, திராதிசியோன் சான்று காட்டச் சொன்னீங்களா?' என்று கேட்டான். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வந்து இறங்குகிற யாருக்கும் தெரிவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழுப் பெயர் செர்திஃபிகாதோ தே திராதிசியோன் இ லிபெர்தாத். நம்மூர் வில்லங்கச் சான்று மாதிரிதான். சொத்து யார் பெயரில் இருந்து யாருக்குப் போனது, அடமானம் உண்டா, நீதிமன்ற முடக்கம் உண்டா எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி உரிமை மாற்றப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இன்றைய சொந்தக்காரர். அந்தப் பெயரும் உங்களுக்கு வீடு காட்டுகிறவரின் செதுலாவும் பொருந்த வேண்டும். அவர் சொந்தக்காரரின் சார்பாக வந்திருந்தால் அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். சான்றை வெளிநாட்டவரும் இணையத்தில் சிறிய கட்டணம் கட்டி எடுக்கலாம். அதற்குத் தேவை மத்ரிகுலா எண், அதாவது அந்தச் சொத்தின் பதிவு எண் மட்டும்தான். பொகோட்டாச் சொத்துகளுக்கு அது 50சி, 50என், 50எஸ் என்ற மூன்றில் ஒன்றில் தொடங்கும். நகரின் மத்தி, வடக்கு, தெற்குப் பதிவு அலுவலகங்கள் அவை. சொத்துவரி ரசீதிலும் இந்த எண் இருக்கும். எண்ணைக் கேளுங்கள், சான்றை நீங்களே எடுங்கள். அவர் எடுத்து அனுப்பும் நகலை நம்ப வேண்டாம்; படத்தில் பெயரை மாற்ற இப்போது ஐந்து நிமிடம் போதும்.

அவன் காட்டிய மற்றத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்கட்டண ரசீது சொந்தக்காரரைக் காட்டும் ஆவணமே இல்லை. வாசல் பெட்டியில் கிடக்கும் தாள் அது. யார் கையிலும் கிடைக்கும். நோட்டரி முத்திரைதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் முத்திரையைப் பார்த்ததும் நமக்கு மனம் இளகிவிடும். நோட்டரியில் ஒப்பந்தத்தின் கையெழுத்தை உறுதி செய்யும்போது, கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதை மட்டும்தான் அங்கே பார்க்கிறார்கள். வீடு அவருடையதா என்று பார்ப்பதில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கண்ணில் படக்கூடியவையும் சில உண்டு. கட்டிலின் மேல் சுருட்டி வைத்த வெள்ளைத் துண்டுகள். குளியலறையில் குட்டிக் குட்டி ஷாம்பு பாட்டில்கள். ஃப்ரிட்ஜில் வைஃபை கடவுச்சொல் எழுதி ஒட்டிய அட்டை. அலமாரியில் ஒரு சட்டைகூட இல்லாமல் வெறும் ஹேங்கர்கள். இவையெல்லாம் விருந்தாளிகளுக்கு விடும் வீட்டின் அடையாளங்கள். அப்புறம், வாட்ச்மேனிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் போனில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள். 'இந்த வீட்டுச் சொந்தக்காரர் யார், நிர்வாக அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்' என்ற இரண்டு கேள்வி போதும். எங்கள் வாட்ச்மேன் நல்ல மனிதர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவரே வருத்தப்பட்டார்.

ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் மத்ரிகுலா தே அரெந்தாதோர் என்ற பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். 15,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் வாடகை இடைத்தரகு செய்கிறவர்கள் இதைப் பெற்றிருக்க வேண்டும் என்று அதே 820-ஆம் சட்டம் சொல்கிறது. பொகோட்டாவில் இதைக் கொடுப்பது நகர வீட்டுவசதித் துறை. எண்ணைச் சொல்லத் தயங்குகிற தரகரோடு பேச்சை நீட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், முடிந்தவரை நிறுவனத்தின் பெயரிலேயே ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது இருக்கும் வீடு அப்படிக் கிடைத்ததுதான். ஜாமீன்காரர் பேச்சே வரவில்லை. இந்தியாவிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

செதுலா விஷயத்திலும் ஒரு ஏஜென்ட் எங்களைப் பாடாய்ப் படுத்தினார். மூன்று மாதத்துக்கு மேலான விசாவில் வருகிறவர்கள் நாட்டுக்குள் வந்த 15 நாளுக்குள் குடியேற்றத் துறையில் விசாவைப் பதிந்து, செதுலாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் அபராதம் என்று பயமுறுத்தி, நேரம் வாங்கித் தரவே தனியாகக் காசு வாங்குகிறார்கள். அந்த முன்பதிவுக்குக் கட்டணமே கிடையாது. செதுலாவுக்கு மட்டும்தான் அரசுக் கட்டணம். எங்கள் ஏஜென்ட் என் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிப் போட்டு நிரப்பியிருந்தார். இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்குப் பெரும்பாலும் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் வரும். பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் எந்த இடத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே, ஒரு எழுத்து மாறாமல், நீங்களே நிரப்புங்கள்.

ஃபிஸ்காலியா எனப்படும் அரசு வழக்குத் துறையில் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு முழுவதும், ஒப்பந்தம், சொந்தக்கார அம்மா எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே வீட்டின் படங்கள் வேறு பெயரில், வேறு வாடகையில் இப்போதும் விளம்பரத்தில் வருகின்றன: தேன் நிற மரத்தரை, ஜன்னலோரம் பச்சை நாற்காலி, பின்னால் மலை. இந்தப் படங்களைப் பார்த்து யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், புகார் எண்ணைத் தருகிறேன். தனித்தனியாகக் கிடக்கும் புகார்கள் ஒரே ஆளைப் பற்றியவை என்று காட்ட முடிந்தால் அவனைத் தேடுவது அவர்களுக்குச் சுலபமாகும்.